வளைவை உடைத்த எழுத்தர்கள்

கி.மு. 221இல் சீனாவை ஒரு குடைக்கீழ் கொண்டுவந்த பேரரசர் சின் ஷி ஹுவாங், நாடெங்கும் எழுத்தும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். அமைச்சர் லி ஸி பொறுப்பேற்று வகுத்த அந்த அரச வடிவத்தைச் 'சிறு முத்திரை எழுத்து' என்பார்கள். கோடெல்லாம் ஒரே தடிமன், திருப்பமெல்லாம் வளைவு. கல்லில் பார்க்க அத்தனை அழகு. நாள் முழுக்க வரிக்கணக்கும் வழக்கு விவரமும் எழுதிக் குவித்த எழுத்தர்களுக்கோ அது கட்டுப்படியாகவில்லை.

சிக்கல் தூரிகையில் இருந்தது. அழுத்தினால் கோடு தடிக்கும், தூக்கினால் மெலியும். ஒரே தடிமனில் வளைவு வேண்டுமானால் அழுத்தம் மாறாமல் கையை மெதுவாகத்தான் நகர்த்த வேண்டும். அவசரத்தில் எழுதியவர்கள் வளைவை ஒடித்து, இரண்டு மூன்று நேர்கோடுகளாக்கினார்கள். சூரியனைக் குறிக்கும் உருண்டையான எழுத்து பெட்டியானது. நெளிந்தோடிய நீரின் உருவம், வேறோர் எழுத்தின் இடப்பக்க உறுப்பாக வரும்போது மூன்று சிறு தீற்றல்களாகச் சுருங்கியது. இப்படிப் பிறந்ததுதான் லிஷு என்னும் எழுத்தர் வடிவம்.

இதில் என்னை மிகவும் வியக்கவைப்பது நான்கு புள்ளிகள். குதிரையின் கால், மீனின் வால், பறவையின் கால், எழுத்தின் அடியில் எரியும் நெருப்பு: முத்திரை எழுத்தில் இவை வெவ்வேறு உருவங்கள். லிஷுவில் எல்லாமே வரிசையாக நான்கு புள்ளிகள்! கண் பார்த்ததை வரைந்த காலம் போய், கை ஓடும் போக்குக்கு எழுத்து வளைந்துகொடுத்தது. சீன எழுத்து வரலாற்றில் இதைவிடப் பெரிய திருப்பம் இல்லை என்பேன்.

சிறைப்பட்ட செங் மியாவ் என்ற அதிகாரி தனியாளாக இதை உருவாக்கினார் என்பது பழங்கதை. மண்ணிலிருந்து கிடைத்தவை வேறு சொல்கின்றன. சிச்சுவானின் சிங்சுவானில் கிடைத்த மரப்பலகை கி.மு. 309ஐச் சேர்ந்தது, அதிலேயே வளைவுகள் உடையத் தொடங்கிவிட்டன. 1975இல் ஹூபெய் மாகாணத்தின் ஷுயிஹுதியில், கி.மு. 217 வாக்கில் இறந்த ஸி என்ற உள்ளூர் அதிகாரியின் கல்லறையைத் திறந்தார்கள். உள்ளே 1,100க்கும் மேற்பட்ட மூங்கில் கீற்றுகள். சட்டங்களும் விசாரணை முறைகளும் நிறைந்த அவற்றில் இருப்பது லிஷுவின் தொடக்க நிலை. பேரரசர் ஆண்ட காலத்திலேயே அலுவலகம் தன் வழியில் எழுதிக்கொண்டிருந்தது.

பின்வந்த ஹான் அரசமரபின் காலத்தில் அவசர எழுத்து அலங்காரமும் பூண்டது. எழுத்துகள் அகன்று தட்டையாயின. கிடைக்கோடு பட்டுப்புழுத் தலைபோல் தொடங்கி, காட்டுவாத்தின் வால்போல் மேலெழுந்து முடிந்தது. கி.பி. 185இன் சாவ் சுவான் கல்வெட்டில் அந்த நளினத்தை முழுமையாகக் காணலாம். ஹான் ஆட்சியின் இறுதியில் லிஷுவிலிருந்து கிளைத்த கைஷு என்னும் ஒழுங்கு வடிவமே இன்றைய அச்செழுத்துக்கு அடிப்படை.

1950களில் தொடங்கிய எளிமையாக்கத்தில் சீன அரசு குதிரை, மீன், பறவை மூன்றின் புள்ளிகளையும் ஒரே கோடாக்கியது. நெருப்புக்கு அவை அப்படியே நிற்கின்றன. தைவானிலும் ஹாங்காங்கிலும் நான்குக்குமே இன்றும் நான்கு புள்ளிகள்தான்.