"ஸ்ட்ராடஜி இருக்கு சார்" என்று வருகிறவர்களுக்கு ஓர் ஆடிட்டர் எழுதுவது

போன வாரமும் ஒருவர் வந்தார். லேத் பட்டறை வைத்திருப்பவர், பதினைந்து வருஷமாக என்னிடம்தான் கணக்கு. ஜிஎஸ்டி கட்ட ஒருநாள் தாமதமானால்கூடப் பதறிப்போய் போன் பண்ணுகிற மனிதர். மகனையும் கூட்டிக்கொண்டு வந்து ஒரு வருமான வரி நோட்டீஸை மேசையில் வைத்துவிட்டு, "பையன் ஏதோ கணக்குப் போட்டுத்தானுங்க ஆடறான், இதுல நம்ம தப்பு என்னங்க?" என்றார். (ஆள் தெரியாதபடி தொழில், தொகை எல்லாம் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.) இந்த ஒரு வருஷத்தில் என்னிடம் வந்த ஆறாவது ஆன்லைன் போக்கர் நோட்டீஸ் இது. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதியே வைக்கிறேன்.

அந்தத் தம்பி கையில் ஒரு நோட்டு இருந்தது. எந்தச் சீட்டை எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஆடலாம், பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே வைத்தாக வேண்டிய கட்டாயப் பந்தயம்) ஏற ஏற எப்போது ஆல்-இன் (கையிலிருக்கும் எல்லாவற்றையும் பந்தயம் வைப்பது) போகலாம், பரிசுக்கு இன்னும் நாலைந்து பேர் வெளியேற வேண்டும் என்கிற பபுள் நேரத்தில் யாரை மிரட்டலாம் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். உண்மையிலேயே உழைத்திருக்கிறார், அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எவ்வளவு போட்டோம், எவ்வளவு எடுத்தோம் என்று அந்த நோட்டில் ஓரிடத்திலும் இல்லை. அதை நான்தான் வங்கி ஸ்டேட்மென்டிலிருந்து எடுத்துக் கூட்ட வேண்டியிருந்தது. ராத்திரி 1:10-க்கு 550, 1:42-க்கு 550, 2:05-க்கு 1,100, 2:30-க்கு 2,200. இந்த வரிசையைப் பார்த்துப் பார்த்து இப்போதெல்லாம் பெயரைப் பார்க்காமலே இது என்ன ஸ்டேட்மென்ட் என்று சொல்லிவிடுவேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆறு பேரும் என்னிடம் சொன்னது ஒரே வாக்கியம்: "சார், இது சூதாட்டம் இல்ல, திறமை விளையாட்டு, ஹைகோர்ட்டே சொல்லிடுச்சு."

சொன்னது உண்மைதான். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், தமிழ்நாட்டின் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மிக்கும் போக்கருக்கும் பொருந்தாது, அவை திறமை சார்ந்தவை என்றது. ஆனால் அது ஓர் ஆட்டத்தைச் சட்டம் எந்தப் பிரிவில் வைக்கும் என்பதற்கான பதில். உங்களுக்கு லாபம் வருமா என்று அங்கே யாரும் கேட்கவும் இல்லை, நீதிபதிகள் சொல்லவும் இல்லை. தயவுசெய்து இதைக் கொஞ்சம் யோசியுங்கள். செஸ் முழுக்க முழுக்கத் திறமை. விஸ்வநாதன் ஆனந்தோடு ஆட்டத்துக்கு 500 ரூபாய் வைத்து ஆடினால் எனக்கு என்ன ஆகும்? நூறு ஆட்டத்தில் நூறும் தோற்பேன். அதிர்ஷ்டத்துக்கு இடமே இல்லாததால்தான் தோற்பேன். திறமை விளையாட்டு என்றால் திறமை குறைந்தவனுக்கு நஷ்டம் உறுதி என்றுதான் அர்த்தம். அதைப் போய் எல்லோரும் 'அதனால் எனக்கு லாபம்' என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

"நான் சராசரி ஆள் இல்ல சார்" என்பது அடுத்த பதில். சரி, அப்படியே வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம். ஒரு போக்கர் போட்டிக்கு நுழைவுக் கட்டணம் 550 ரூபாய், அதில் 500 பரிசுக்கு, 50 நடத்துகிறவருக்கு. ஆயிரம் பேர், பரிசு மொத்தம் 5 லட்சம். அதில் 2 லட்சம் முதல் மூன்று பேருக்கு, மீதி 3 லட்சம் அதற்குக் கீழே வருகிற நூற்றுச் சொச்சம் பேருக்கு. இப்படிப்பட்ட போட்டிகளில் பணம் மேலேதான் குவிந்திருக்கும். நீங்கள் மற்றவர்களைவிட ஒன்றரை மடங்கு கெட்டிக்காரர் என்று வைப்போம், இதுவே ரொம்பப் பெரிய சலுகை. முதல் மூன்று இடத்தை விட்டுவிட்டால், கீழ்ப் பரிசுகளிலிருந்து உங்களுக்குச் சராசரியாகப் போட்டிக்கு 450 ரூபாய் வரும், கட்டுவது 550. ஆக, முதல் மூன்றுக்குள் வராத ஒவ்வொரு ராத்திரியும் சராசரியாக 100 ரூபாய் போகிறது. முதல் மூன்றுக்குள் வருவது எத்தனை போட்டிக்கு ஒரு தடவை? ஆயிரத்துக்கு நாலரை, அதாவது 222 போட்டிக்கு ஒன்று. தினம் ஒன்று ஆடினால் ஏழு மாதத்துக்கு மேல். அந்த 222-ஐயும் ஆடி முடித்த பிறகும் ஒருமுறைகூட மேலே வராமல் போவதற்கு மூன்றில் ஒன்றுக்கு மேல் வாய்ப்பு இருக்கிறது. இத்தனையும் நன்றாக ஆடுகிறவருக்கான கணக்கு. சராசரி ஆளுக்கு இந்தக் கணக்கே தேவையில்லை, அந்த 50 ரூபாய் கமிஷனே அவரைத் தின்றுவிடும்.

இதை வைத்து ஸ்ட்ராடஜியே பொய் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். டோர்னமென்டில் அதற்கு நிஜமான வேலை இருக்கிறது. ஆரம்பத்தில் சிப்ஸ் (பந்தயம் வைக்கும் வில்லைகள்) நிறைய இருக்கும்போது ஆடுவதும் பத்து பிளைண்ட் மிச்சம் இருக்கும்போது ஆடுவதும் வேறு வேறு ஆட்டம். பரிசு நெருங்கும்போது ஜெயிக்கிற சிப்ஸைவிட இழக்கிற சிப்ஸுக்கு மதிப்பு அதிகம் என்பதெல்லாம் அழகான கணிதம். ஆனால் அந்தக் கணிதம் நீண்ட கால சராசரியில்தான் பேசும். கையில் இரண்டு ஏஸ், எதிராளியிடம் இரண்டு கிங், சீட்டு விரியும் முன்பே இருவரும் ஆல்-இன். இதைவிட நல்ல நிலைமைக்கு ஆசைப்பட முடியாது, ஆனாலும் ஏஸ் ஜெயிக்கும் வாய்ப்பு சுமார் 82%தான். மேலே வர இப்படி ஐந்து ஆல்-இன் தாண்ட வேண்டும், ஒவ்வொன்றும் 80% உங்கள் பக்கம் என்று வைத்தால்கூட ஐந்தையும் தாண்ட மூன்றில் ஒரு வாய்ப்புதான். மூன்றில் இரண்டு ராத்திரி, தப்பே செய்யாமல் வெளியே போவீர்கள். அந்த வலியில்தான் 550 ரூபாய் போட்டியில் தொடங்கியவர் 2,200 ரூபாய் போட்டிக்குப் போகிறார்.

தொழிலாக ஆடுகிறவர்களின் ஸ்ட்ராடஜியில் முதல் விதி சீட்டைப் பற்றியதே இல்லை. போட்டிக் கட்டணத்தைப்போல நூறு மடங்காவது, கூட்டம் பெரிது என்றால் அதற்கும் மேலே, வீட்டுச் செலவுக்குச் சம்பந்தமில்லாத பணமாகத் தனியே வைத்திருக்க வேண்டும், அது கரைந்தால் கீழ்க் கட்டணத்துக்கு இறங்க வேண்டும். அந்தத் தம்பி ஆடியது பர்சனல் லோனிலும், மனைவியின் நகையை அடகு வைத்தும். ஸ்ட்ராடஜி என்ற சொல்லைச் சொல்ல அவருக்கு உரிமையே இல்லை என்று கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன்.

அப்புறம் அவர் கிறிஸ் மணிமேக்கரை இழுத்தார். 2003-ல் ஆன்லைன் தகுதிச் சுற்று வழியாக உலகப் போக்கர் தொடரின் முக்கியப் போட்டிக்குள் நுழைந்து 25 லட்சம் டாலர் ஜெயித்த அமெரிக்கர். "அவரும் உங்கள மாதிரி அக்கவுண்டன்ட்தான் சார்." ஆமாம் தம்பி, அந்தப் போட்டியில் இருந்தவர்கள் 839 பேர். மற்ற 838 பேரில் பெரும்பாலானவர்கள் கட்டிய பணம் திரும்பாமல் வீட்டுக்குப் போனவர்கள். நீங்கள் அவர்களில் யாருடைய பெயரையாவது சொல்லித் திறமை விளையாட்டு என்று வாதாடிப் பார்த்திருக்கிறீர்களா?

இனி என் தொழில் பக்கம். 2023-24-ல் அந்தத் தம்பிக்கு ஒரு தளத்தில் நிகர வெற்றி 1,86,000. அதில் 30%, அதாவது 55,800 ரூபாய் டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கிற வரி) பிடித்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். அதை அவர் வருமானமாகக் காட்டவே இல்லை, சம்பளத்தை மட்டும் போட்டு ஐடிஆர்-1 தாக்கல் செய்திருந்தார். இந்த வருமானம் இருந்தால் அந்தப் படிவமே போடக்கூடாது. உங்கள் பான் எண்ணுக்கு எதிராக எல்லாம் ஏஐஎஸ்-ல், அதாவது வருமான வரித் துறை வைத்திருக்கும் உங்கள் வருடாந்திர விவரப் பட்டியலில், உட்கார்ந்திருக்கிறது, நீங்கள் மறந்தாலும் துறை மறக்காது. அடுத்த வருஷம் அவர் தோற்றது 7 லட்சத்துக்கு மேல். அப்பா கேட்டார், "ரெண்டு வருஷமும் சேர்த்தா நஷ்டம்தானுங்க, அந்த 55,800 திரும்ப வராதுங்களா?" வராது. ஆன்லைன் ஆட்டத்தில் தோற்றதைச் சம்பளத்தில் கழிக்க முடியாது, முந்தைய வருஷ வெற்றியிலும் கழிக்க முடியாது, அடுத்த வருஷத்துக்கும் கொண்டுபோக முடியாது. வேறு வருமானமே இல்லாதவருக்கும் இந்தப் பணத்துக்கு அடிப்படை விலக்கு கிடையாது, முதல் ரூபாயிலிருந்தே 30%, அதற்கு மேலே செஸ் என்கிற கூடுதல் வரி. ஜெயித்தால் அரசுக்குப் பங்கு, தோற்றால் முழுக்க உங்கள் தலையில். எந்த ஸ்ட்ராடஜி வீடியோவிலும் இதைச் சொல்லி நான் பார்த்ததில்லை.

"அதான் தடை பண்ணிட்டாங்களே, இப்ப எதுக்கு இதெல்லாம்?" என்று கேட்கலாம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் கொண்டுவந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற பேச்சையே விட்டுவிட்டு, காசு கட்டி ஆடுகிற ஆன்லைன் ஆட்டம் எல்லாவற்றையும் தடுத்தது. ஆனால் அந்தத் தம்பி கிளம்பும்போது தாழ்ந்த குரலில் கேட்டது என்ன தெரியுமா? "சார், வெளிநாட்டு சைட்ல கிரிப்டோல போட்டா டிடிஎஸ் கிடையாதாமே?" இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தக் கேள்விதான்.

அங்கே போகாதீர்கள். இதைக் கெஞ்சித்தான் கேட்கிறேன். டிடிஎஸ் பிடிக்கவில்லை என்பதற்காக வரி இல்லாமல் போகாது. பணத்தைக் கொடுக்காமல் கணக்கை மூடினால் புகார் கொடுக்க உங்களுக்கு ஆளில்லை. இதற்காக வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பினால் அந்நியச் செலாவணி விதிகளிலும் மாட்டுவீர்கள். எல்லாவற்றையும்விட மோசம், டெலிகிராம் ஏஜென்ட் உங்களுக்கு ஜெயித்த பணம் என்று அனுப்புவது பெரும்பாலும் யாரோ ஒருவர் பெயரில் வாடகைக்கு எடுத்த வங்கிக் கணக்கிலிருந்து. அந்தக் கணக்கின்மீது வேறு மாநிலத்தில் ஒரு சைபர் மோசடிப் புகார் வந்தால் சங்கிலியில் அடுத்து உறைவது உங்கள் கணக்கு. வந்தது 8,000 ரூபாய், அதற்காகச் சம்பளக் கணக்கு முடங்கி, முன்பின் பார்க்காத ஊர்க் காவல் நிலையத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும் ஒருவர் இப்போது என் கட்சிக்காரர்.

ஏற்கெனவே ஆடியவர்கள், ஒவ்வொரு தளத்திலிருந்தும் பணம் போட்ட, எடுத்த பட்டியலை இறக்கி வையுங்கள், தளம் மூடிவிட்டால் பிறகு கிடைக்காது. கிடைக்கவில்லை என்றால் வங்கி ஸ்டேட்மென்ட் போதும். ஏஐஎஸ்-ஐத் திறந்து பாருங்கள். விட்டுப்போன வருஷத்துக்கு அப்டேட்டட் ரிட்டர்ன் (விட்டதைச் சேர்த்துப் பிறகு போடும் வரிக் கணக்கு) போட வழி இருக்கிறதா என்று உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள், நோட்டீஸ் வந்துவிட்டால் அதிலுள்ள தேதிக்குள் பதில் போயாக வேண்டும். நோட்டீஸை அலமாரியில் ஒளித்து வைத்து மூன்று மாதம் கழித்துக் கொண்டுவராதீர்கள், கோபம் வருகிறது எனக்கு.

பெற்றோருக்கு ஒன்று. கடனை அடைக்கிறேன் என்று மொத்தமாகப் பையன் கணக்கில் பணம் போடாதீர்கள், கடன்காரருக்கு நேராகக் கட்டுங்கள். அடித்துத் திட்டவும் வேண்டாம், முழுத் தொகையையும் வீட்டில் சொல்லப் பயந்துதான் பல பேர் அடுத்த கடன் வாங்குகிறார்கள். தூக்கமில்லாமல், யாரிடமும் பேசாமல் இருந்தால் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அரசின் டெலி மானஸ் 14416 இலவசம், தமிழிலேயே பேசலாம்.

லேத் பட்டறைக்காரரின் மகன் நேற்று மறுபடியும் வந்தார், அப்பா இல்லாமல். பழைய நோட்டின் பின்பக்கத்தில் இரண்டு கோடு இழுத்து, போட்டது, எடுத்தது என்று பதினாலு மாதத்தையும் எழுதியிருந்தார். கடைசி மொத்தத்தை மட்டும் கூட்டாமல் விட்டிருந்தார். நாங்கள் உட்கார்ந்து சேர்ந்து கூட்டினோம்.