வௌவால் மரத்தை வெட்டுவதற்கு முன்

பண்ருட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் குளக்கரை இலுப்பை மரத்தில் தலைமுறைகளாகத் தங்கிவரும் பழந்தின்னி வௌவால்கள் கொரோனாவைப் பரப்பும் என்று பயந்து, அவற்றைப் புகைபோட்டு விரட்டிவிட்டு மரத்தையும் வெட்டிவிடலாமா என்று கேட்டு, அண்மையில் ஊர்க்காரர்கள் சிலர் கால்நடை மருத்துவரான என்னிடம் வந்தனர். அதே வாரத்தில், மலப் பரிசோதனையில் ‘கொரோனா பாசிட்டிவ்’ என்று வந்த ஒரே காரணத்துக்காகக் கடலூர் நகரக் குடும்பம் ஒன்று தன் நாய்க்குட்டியைத் தெருவில் விட்டுவிட்டது. பெருந்தொற்று ஓய்ந்து இத்தனை காலம் ஆன பிறகும் இப்படிப்பட்ட கேள்விகளும் செயல்களும் தொடர்வதால்தான் இதை எழுத வேண்டியதாயிற்று.

கொரோனா என்பது ஒரு வைரஸ் குடும்பம், கோவிட் வைரஸ் அதில் ஒன்று மட்டுமே. கால்நடை மருத்துவர்களுக்கு அந்தக் குடும்பம் 2020இல் புதிதாக அறிமுகமானதில்லை. கோழிக்குஞ்சுகளின் மூச்சுக்குழலைத் தாக்கும் ஐ.பி. என்ற கொரோனா நோய் 1931இலேயே அமெரிக்காவில் பதிவாயிற்று. முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கும் எவரும் அதற்கான தடுப்பூசியைக் கேள்விப்பட்டிருப்பார்கள். கன்றுகளின் கழிச்சலுக்கும், பூனைகளின் வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும் கொடிய நோய்க்கும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்த வைரஸ்களே காரணமாகின்றன. நாய்க்குட்டிகளுக்கு வருவது நாய்களுக்குரிய குடல் கொரோனா. தனியாக வந்தால் பெரும்பாலும் சில நாள் வயிற்றுப்போக்கோடு அடங்கிவிடும், பார்வோ என்ற இன்னொரு குடல் வைரஸோடு சேர்ந்து வந்தால்தான் உயிருக்கு ஆபத்து. தெருவில் விடப்பட்ட அந்தக் குட்டிக்குத் தேவைப்பட்டது குளுக்கோஸ் ஏற்றுவதும் நல்ல கவனிப்பும் மட்டுமே. (2020இல் நாய்க்குப் போடும் கொரோனா ஊசியைத் தமக்கும் போடச் சொல்லிக் கேட்டவர்களும் உண்டு, அவர்களுக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத இயலாது.)

இப்போது வௌவால்களுக்கு வருகிறேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் புனேயிலுள்ள தேசிய நச்சுயிரியல் நிறுவனமும் 2020 ஏப்ரலில் வெளியிட்ட ஆய்வில், கேரளம், இமாச்சலப் பிரதேசம், புதுச்சேரி, தமிழ்நாடு ஆகிய இடங்களில் பிடிக்கப்பட்ட வௌவால்கள் சிலவற்றில் கொரோனா வைரஸ் இருந்தது தெரியவந்தது. ஊரடங்கில் வீட்டுக்குள் அடைந்து கிடந்த மக்கள் செய்தியில் ‘புதுச்சேரி’ என்ற பெயரைக் கண்டதும் கோவிட் நம் ஊர் மரத்திலேயே தொங்குகிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள். அந்த முடிவு இன்றுவரை மாறவில்லை. அந்த ஆய்வில் கண்டறியப்பட்டவை வௌவால்களுக்குரிய வேறு கொரோனா வைரஸ்கள். கோவிட் வைரஸ் அவற்றில் இல்லை. அவை மனிதருக்கு நோய் உண்டாக்கும் என்பதற்குச் சான்று எதுவும் இல்லை என்பதை ஆய்வாளர்களே அப்போது தெளிவாகச் சொன்னார்கள். கோவிட் வைரஸுக்கு நெருங்கிய உறவுள்ள வைரஸ்கள் கிடைத்தது தென்சீனத்திலும் லாவோசிலும் குகைகளில் வாழும், மூக்கில் லாட வடிவ மடிப்புள்ள, பூச்சி தின்னும் சிறிய வௌவால்களிடம். நம் மரங்களில் தலைகீழாகத் தொங்குவது பழம் தின்னும் பெரிய வௌவால். இரண்டும் வேறு வேறு இனங்கள். அந்தக் குகை வைரஸ்களுக்கும் கோவிட் வைரஸுக்கும் இடையிலான மரபணு ஒற்றுமைகூட 96, 97 விழுக்காடு அளவில்தான் நிற்கிறது. சிறிதாகத் தெரியும் அந்த இடைவெளி பல பத்தாண்டுப் பரிணாமத்துக்குச் சமம். நம் மாவட்டத்தில் கோவிட் வந்த ஒவ்வொருவருக்கும் அதைக் கொடுத்தவர் இன்னொரு மனிதர். மரத்து வௌவால் அன்று.

அப்படியானால் ஏன் வௌவால்களைப் பிடித்துப் பரிசோதிக்கிறார்கள் என்று கேட்பது நியாயம். 2002–03இல் சார்ஸ் என்ற கொரோனா நோய் பரவியபோது சந்தைகளில் விற்கப்பட்ட புனுகுப்பூனைகளிடம் அந்த வைரஸ் பிடிபட்டது. 2005இல் அதன் உறவினர்கள் வௌவால்களிடம் தெரியவந்தன. 2012இல் மெர்ஸ் என்ற இன்னொரு கொரோனா நோய் வந்தபோது தடம் ஒட்டகங்களிடம் கொண்டுபோய் விட்டது. 2016–17இல் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் 20,000க்கும் மேற்பட்ட பன்றிக்குட்டிகளைக் கொன்ற வைரஸும் வௌவால் வழி வந்ததே. எதிர்த்திசையிலும் பாதை உண்டு: 2021 ஜூனில் வண்டலூர் உயிரியல் பூங்காவில் சிங்கங்களுக்குக் கோவிட் தொற்றி இரண்டு இறந்தன, டென்மார்க்கில் 2020இல் மனிதரிடமிருந்து மிங்க் (உரோமத்துக்காக வளர்க்கப்படும் சிறு விலங்கு) பண்ணைகளுக்குச் சென்ற வைரஸ் மீண்டும் மனிதருக்கு வந்ததால் கோடிக்கும் மேற்பட்ட மிங்குகள் கொல்லப்பட்டன. எந்த வைரஸ் எந்த உயிரில் இருக்கிறது என்று முன்கூட்டித் தெரிந்துகொள்ளவே இந்த ஆய்வுகள் நடக்கின்றன. அவற்றைக் கொலைப் பட்டியலாக வாசிப்பது நம் பிழை.

விரட்டினால் ஆபத்து குறையும் என்ற நம்பிக்கைதான் எனக்கு மிகவும் எரிச்சலூட்டுகிறது. உகாண்டாவின் கிடாகா சுரங்கத்தில், உயிர்க்கொல்லிக் காய்ச்சலை உண்டாக்கும் மார்பர்க் வைரஸுக்குப் பயந்து வௌவால்களை அழித்தார்கள். சில ஆண்டுகளில் வௌவால்கள் மீண்டும் குடியேறின. திரும்பி வந்த கூட்டத்தில் வைரஸ் இருந்தவற்றின் விகிதம் முன்பைவிட அதிகமாக இருந்தது. 2012இல் அப்பகுதி மக்களிடையே மார்பர்க் பரவியது. புகைபோட்டால் நம் வௌவால்களும் சிதறி, வீட்டோர மரங்களிலும் பள்ளிக்கூட மரங்களிலும் போய்த் தங்கும். இப்போது குளக்கரையோடு நிற்பது வீடுகளுக்கு அருகே வரும். இலுப்பை விதையைத் தூரத்துக்கு எடுத்துச் சென்று போடுவதும் இவைதான் என்பதைப் பண்ருட்டிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அச்சம் வேண்டாம் என்பதற்கு அலட்சியம் என்று பொருள் இல்லை. பழந்தின்னி வௌவால்களிடம் மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் நிபா வைரஸ் உண்டு; 2018இல் கேரளம் பட்ட பாட்டை மறந்துவிடக் கூடாது. வௌவால் கடித்த கொய்யாவையோ மாம்பழத்தையோ கடிபட்ட பகுதியை மட்டும் வெட்டிவிட்டுத் தின்னாதீர்கள். முழுப் பழத்தையும் எறியுங்கள். கீழே விழுந்த குட்டியைப் பிள்ளைகள் கையால் தொட விடாதீர்கள். மரத்தடி எச்சத்தைக் காய்ந்தபடியே பெருக்காமல், தண்ணீர் தெளித்து நனைத்து, முகக்கவசத்தோடு அள்ளுங்கள். மரத்தடிக் கிணற்றுக்கு மூடி போடுங்கள். வௌவால்கள் கூட்டமாகச் செத்துக் கிடந்தால் நீங்களே புதைக்காமல் வனத்துறைக்கோ கால்நடை மருந்தகத்துக்கோ சொல்லுங்கள்.

வீட்டில் யாருக்காவது சளி, காய்ச்சல் என்றால் குணமாகும் வரை நாயையும் பூனையையும் மடியில் வைத்துக் கொஞ்ச வேண்டாம். சானிடைசரை அவற்றின் பாதத்தில் தேய்க்கவும் வேண்டாம், நக்கி விழுங்கிவிடும். மாடு வளர்ப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: நஞ்சுக்கொடி விழும் வரை சீம்பால் கொடுக்கக் கூடாது என்ற பழக்கத்தை இனியாவது விட்டுவிடுங்கள். ஈன்ற இரண்டு மணி நேரத்துக்குள் குடிக்கும் சீம்பால்தான், கொரோனாவோ வேறு கிருமியோ, முதல் வாரங்களின் கழிச்சலிலிருந்து கன்றைக் காக்கும் முதல் அரண். கழிச்சல் கண்ட கன்றைப் பிரித்துக் கட்டி, உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்துக்கொண்டே மருத்துவரை அழையுங்கள். கண் குழி விழுந்து, எழுந்து நிற்க முடியாமல் போன பிறகு அழைத்தால் எங்களால் செய்யக்கூடியது மிகக் குறைவு.