மைக் சுர்ரென்றால் பாடுவதை நிறுத்துங்கள்

இந்த ஆண்டு நோம்பிக் காலத்தில், அதாவது ஊர்த் திருவிழாக் காலத்தில் மட்டும், மேடையில் மின்னதிர்ச்சி வாங்கிய கலைஞர்கள் மூவரை நேரில் பார்த்துவிட்டேன். முதல் இருவரும் கையை உதறிக்கொண்டு சிரித்தார்கள். அன்று கூடச் சிரித்தவர்களில் நானும் ஒருவன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். மூன்றாவது ஆள், என்னிடம் ஏழு ஆண்டுகளாகப் பாடம் கேட்கும் 19 வயதுப் பெண்.

நான் ஈரோட்டைச் சேர்ந்த வயலின் கலைஞன். ஒலியை மின் சமிக்ஞையாக்கும் பிக்கப் பொருத்திய வயலின், காலால் அழுத்தும் லூப் பெடல், லேப்டாப், சிறிய மானிட்டர் ஸ்பீக்கர் ஆகியவற்றை வேனில் ஏற்றிக்கொண்டு பல்லடம், தாராபுரம், கோபி, பொள்ளாச்சி என்று ஊர் ஊராகப் போகிறவன். ஓர் ஆலாபனைத் துண்டை வாசித்துப் பதிந்து, அதைச் சுழலவிட்டு, அதன் மேலேயே அடுத்த சஞ்சாரத்தை வாசிப்பது எங்கள் கச்சேரியின் முறை. பழைய நாட்களில் வித்வான் ஒருவருக்கு மேடையில் மின்சாரத்தோடு இருந்த ஒரே உறவு அவர் முன்னால் நின்ற மைக் மட்டும்தான். இன்று எங்களைச் சுற்றி ஏழெட்டு பிளக்குகள் இருக்கின்றன. ஆனால் அவை எங்கிருந்து வருகின்றன என்று கேட்கும் பழக்கம் மட்டும் இன்னும் எங்களுக்கு வரவில்லை.

அந்தப் பெண் மின்னதிர்ச்சி வாங்கியது காங்கேயம் பக்கத்தில் ஒரு கல்யாண வரவேற்பில். என் கருவிகள் மேடைச் சுவரில் இருந்த பிளக்கில் ஒழுங்காக எர்த்தோடு இருந்தன. மைக் செட்டின் மிக்ஸருக்கும் ஆம்ப்ளிபயருக்கும் மட்டும் சமையற்கட்டுப் பக்கத்திலிருந்து எர்த் இல்லாத இரட்டை வயர் ஒன்றை இழுத்து வந்திருந்தார்கள். மூன்று துளை பிளக்கின் மேல்துளையில் ஒரு தீக்குச்சி செருகியிருந்தது. கீழ்த்துளைகள் இரண்டிலும் தோல் உரித்த வெறும் வயர் திணிக்கப்பட்டிருந்தது. அந்த ஆம்ப்ளிபயரின் உள்ளே, மின்சாரம் வரும் பேஸ் (phase) வயர் பெட்டியின் உடலைத் தொட்டுக்கொண்டிருந்த செய்தியை நாங்கள் பிறகுதான் அறிந்தோம். பல்லவி முடிந்த இடத்தில் அந்தப் பெண் குனிந்து இடக்கையால் என் பெடலின் இரும்பு உடலைத் தொட்டாள். அதே கணத்தில் அவளுடைய உதடு மைக்கின் வலையில் பட்டது. அடுத்து நான் பார்த்தபோது ஜமக்காளத்துக்கு வெளியே மல்லாந்து கிடந்தாள். மைக் ஸ்டாண்டில் இருந்ததால் பிழைத்தாள். கையில் இறுகப் பிடித்திருந்தால் இந்தக் கட்டுரையின் தொனி வேறாக இருந்திருக்கும். உதட்டில் கொப்புளம் கிளம்பியது. ஆஸ்பத்திரியில் எடுத்த ஈ.சி.ஜி. சரியாக இருந்தது.

நான் கொதித்துப்போனதற்குக் காரணம் அந்த விபத்து மட்டுமல்ல, அதற்கு முன்பு நடந்ததும்தான். மாலையில் ஒலிச் சரிபார்ப்பின்போதே அவள் “மைக் லேசா சுர்ருங்குதுங்கண்ணா” என்று சொல்லியிருக்கிறாள். மைக் செட்காரர் “அது பாண்டம் பவருங்க அம்மணி, ஒண்ணும் பண்ணாதுங்க” என்று சமாதானம் சொல்லியிருக்கிறார். அவளும் பெரிய விஷயமாக்க வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

இந்தப் பாண்டம் பவர் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். கண்டென்சர் மைக்குக்கு மிக்ஸர் தரும் 48 வோல்ட் நேர்மின்சாரம் அது. மைக் வயரின் இரண்டாவது, மூன்றாவது பின்களில், ஒவ்வொன்றிலும் 6,800 ஓம் தடையைக் கடந்து வருகிறது. மைக்கின் உடல் முதல் பின்னோடு, அதாவது மிக்ஸரின் தரையோடு இணைந்தது. ஆகவே உதட்டில் சுர்ரென்பது பாண்டம் பவர் அல்ல, மிக்ஸரின் உடலுக்கோ உங்கள் உடலுக்கோ எங்கிருந்தோ வந்து சேர்ந்திருக்கும் 230 வோல்ட்டின் வால். மைக் செட்காரர் இந்தச் சொல்லைச் சொன்னால் அவருக்குக் காரணம் தெரியவில்லை என்று பொருள் கொள்ளுங்கள்.

இனி, என்னை இரவில் தூங்கவிடாமல் செய்யும் தவறான நம்பிக்கைக்கு வருகிறேன். “லேசாகத்தானே அடிக்கிறது” என்பதுதான் அது. லேசாக அடித்தால் மின்சாரமும் லேசானது என்று எண்ணுகிறோம். உண்மையில் அந்தக் கூச்சம் மின்சாரத்தின் வலிமையைச் சொல்வதே இல்லை. அந்த நேரத்தில் உங்கள் தோல் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பதைத்தான் சொல்கிறது. காய்ந்த விரல் நுனியின் வழியே ஒரு மில்லி ஆம்பியர் அளவுக்கு ஓடினால் சுர்ரென்று இருக்கும். அதே மைக், அதே பழுது. ஒரு மணி நேரம் விளக்கு வெளிச்சத்தில் வியர்த்துக் கொட்டிய பிறகு அதே கை தொட்டால் பத்து மில்லி ஆம்பியரைத் தாண்டும். அந்த அளவில் தசை இறுகிவிடும், விட நினைத்தாலும் விரல் திறக்காது. முப்பதைத் தாண்டி நீடித்தால் மூச்சுக்கும் இதயத் துடிப்புக்கும் ஆபத்து. விரல் நுனிக்கு லேசாக இருப்பது ஈர உதட்டுக்கு லேசாக இருக்காது. மாலை நான்கு மணிக்குச் சுர்ரென்ற மைக் இரவு எட்டு மணிக்குக் கொல்லும். இடையில் மாறியது உங்கள் வியர்வை மட்டுமே.

லேப்டாப்பின் உலோக உடலைத் தடவினால் வரும் மெல்லிய அதிர்வு பெரும்பாலும் இரண்டு பின் அடாப்டரின் இயல்பான கசிவு, அரை மில்லி ஆம்பியருக்கும் குறைவானது, அதனால் தீங்கில்லை. எனக்குத் தெரிந்த சிலர் இதை எங்கோ படித்துவிட்டு எல்லாக் கூச்சத்தையும் இந்தக் கணக்கில் எழுதிவிட்டார்கள். தீங்கற்ற கசிவையும் கொல்லும் பழுதையும் தொட்டுப் பார்த்து வேறுபடுத்த எந்த வித்வானாலும் முடியாது. நாற்பது ஆண்டு ஸ்வர ஞானம் இதற்கு உதவாது. புறங்கையால் தட்டிப் பார்ப்பது சோதனையே அல்ல; தயவுசெய்து அதை மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்காதீர்கள்.

அடுத்த நம்பிக்கை, “எம்.சி.பி. போட்டிருக்கோமுங்க” என்பது. மின்சாரம் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்சான எம்.சி.பி. வயரைக் காப்பதற்காகச் செய்யப்பட்டது. மனிதரைக் காப்பதற்காக அல்ல. 16 ஆம்பியர் எம்.சி.பி. 16 ஆம்பியருக்கு மேல் போனால்தான் விழும். அது 16,000 மில்லி ஆம்பியர். இதயத்தை நிறுத்த அதில் ஐந்நூறில் ஒரு பங்கு போதும். மனிதருக்காகச் செய்யப்பட்டது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.; பழைய ஆட்கள் ஈ.எல்.சி.பி. என்பார்கள். போன மின்சாரமும் திரும்பி வந்த மின்சாரமும் ஒத்துப்போகிறதா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் 0.3 நொடிக்குள் துண்டித்துவிடும். ஒரு பிளக்குப் பெட்டியில் அதைப் பொருத்தித் தரச் சொல்லி, இப்போது நான் போகும் இடமெல்லாம் எடுத்துச் செல்கிறேன். வயலின் வில்லில் தேய்க்கும் ரோசினை வாங்குவது போல இதையும் வாங்குங்கள்.

எர்த் பின்னை ஏன் வெட்டுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். ஸ்பீக்கரில் வரும் ‘உம்ம்’ என்ற இரைச்சலுக்காக வெட்டுகிறார்கள். என் லேப்டாப்புக்கு ஓர் எர்த், மிக்ஸருக்கு வேறோர் எர்த் என்று இருந்தால் இரண்டுக்கும் இடையே ஒலி வயரின் வழியே ஒரு வட்டம் உண்டாகி இரைச்சல் கேட்கும். மிக்ஸரின் எர்த் பின்னை எடுத்தால் இரைச்சல் நின்றுவிடும், மைக் செட்காரரும் கெட்டிக்காரராகிவிடுவார். ஆனால் இரைச்சலோடு சேர்த்து அவர் வெட்டியது பாடகரின் உயிருக்கான ஒரே வழியை. வெட்ட வேண்டியது ஒலி வயரின் தரையை; மின் வயரின் தரையை அல்ல. கருவியின் ஒலியை மிக்ஸருக்கு அனுப்பும் டி.ஐ. பாக்ஸில் ‘கிரவுண்ட் லிஃப்ட்’ என்று ஒரு சிறு சுவிட்ச் இருக்கிறதே, அது செய்வது இதைத்தான். அதைத் தட்டுவதில் ஆபத்தில்லை. அதைப் பார்த்துவிட்டு, “அதுவும் கிரவுண்டைத்தானுங்களே எடுக்குது, நான் எடுத்தா என்னங்க?” என்று ஒருவர் என்னிடம் வாதிட்டார். பெயர் ஒன்று, வயர் வேறு. இதைவிட எளிய வழியும் உண்டு: மேடையில் ஒலிக்கருவிகள் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுங்கள், கச்சேரி முடியும் வரை லேப்டாப்பைப் பேட்டரியில் ஓட்டுங்கள். பாதி இரைச்சல் பிறக்கவே பிறக்காது.

இரைச்சலைப் பற்றி ஒரு சொந்த விஷயம். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. ஆகவே அந்த ‘உம்ம்’ ஐந்து கட்டைக்கும் ஐந்தரைக் கட்டைக்கும் நடுவே, நம் சுருதிக்கு வெகு கீழே நிற்கிறது. சுமையில்லாமல் ஓடும் ஜெனரேட்டர் 52 சுழற்சியை ஒட்டி ஓடும்போது கிட்டத்தட்ட ஐந்தரைக் கட்டையில் இசைக்கிறது. போகஸ் விளக்குகளைப் போட்டதும் தொய்ந்து கீழே இறங்குகிறது. இந்த இறக்கத்தைக் கேட்டே ஜெனரேட்டர் திணறுகிறதா என்று என்னால் சொல்லிவிட முடியும். தம்பூராவோடு அது மோதும்போது வரும் எரிச்சலும் எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் ஒரு பின்னை வெட்டிப் பெறும் நிசப்தம் எனக்கு வேண்டாம்.

திறந்தவெளி மேடைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மேற்கத்திய இசைக்காரர்கள் ரப்பர் அடி வைத்த காலணியோடு நிற்கிறார்கள். நாம் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு மேடையேறிச் சம்மணம் போட்டு அமர்கிறோம். அவர்களிலேயே லெஸ் ஹார்வி என்ற கித்தார் கலைஞர் 1972 மே 3 அன்று வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சி நகர மேடையில், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு, ரசிகர்கள் கண்முன்னே இறந்தார். நம் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பவானி ஜமக்காளம் காய்ந்திருக்கும் வரை ஓரளவு தடுப்பாக இருக்கும். தீர்த்தம் தெளித்து, பனி இறங்கி நனைந்துவிட்டால் அது வெறும் ஈரத்துணி. பவானி கூடுதுறை ஆற்றங்கரையில் ஆடிப்பெருக்கு மேடையென்றால் கலைஞரின் கால் ஈரம். காங்கேயம் கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் நிலத்தில் மேடையென்றால் மண்ணே வறட்சி.

அந்த வறட்சியில்தான் ஜெனரேட்டர் எர்த்தின் சூது இருக்கிறது. ஒரு கடப்பாரையை ஓரடி இறக்கிக் கம்பியைச் சுற்றிவிட்டு “எர்த் போட்டாச்சுங்க” என்கிறார்கள். காய்ந்த சரளை மண்ணில் அதன் தடை 100 ஓம் இருந்தாலே, முழு 230 வோல்ட்டும் பழுதான பெட்டியின் உடலில் ஏறினால்கூட மண்ணுக்குள் போவது 2.3 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதைக் கண்டுகொள்ளாது. இரவு முழுவதும் பெட்டி உயிரோடு இருக்கும். முழு நீளக் கம்பியை ஆழமாக இறக்கிச் சுற்றிலும் தண்ணீர் விட்டு நனைக்க வேண்டும், அதோடு ஆர்.சி.சி.பி.யும் வேண்டும். ஜெனரேட்டரின் நியூட்ரலை (மின்சாரம் திரும்பி வரும் வயரை) அதன் உடலோடும் மண்ணோடும் இணைக்காவிட்டால் அந்த ஆர்.சி.சி.பி.யும் அலங்காரப் பொருளாகிவிடும். இந்த வேலையை உரிமம் பெற்ற வயர்மேனிடம் விடுங்கள், பந்தல்காரரின் மச்சானிடம் விடாதீர்கள். லைன் கம்பியில் கொக்கி போட்டு எடுக்கும் மேடையில் நான் ஏறுவதில்லை. சீரியல் செட் சுற்றிய இரும்புக் குழாயில் சாய்ந்து உட்காராதீர்கள்.

யாராவது மின்சாரத்தில் ஒட்டிக்கொண்டால் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள் அல்லது மெயினை அணையுங்கள். ஆளைத் தொட்டு இழுக்காதீர்கள். அதனால்தான் மெயின் எங்கே இருக்கிறது என்று மேடையேறும் முன்பே குழுவில் இரண்டு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூச்சு இல்லாவிட்டால் 108-க்கு ஒருவர் அழைக்கட்டும். மற்றவர் நெஞ்சின் நடுவே ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தட்டும். மெட்ரோனோமை 110-இல் வைத்து வாசிக்கப் பழகிய நமக்கு இந்த வேகம் கைவந்ததுதான். எழுந்து நடந்து “நல்லாத்தான் இருக்கேன்” என்று சொன்னாலும் ஈ.சி.ஜி. எடுக்காமல் அடுத்த பாட்டுக்கு உட்கார வைக்காதீர்கள்.

இளம் பாடகிகளிடம் ஒரு வேண்டுகோள். சுர்ரென்றால் சொல்லுங்கள்; சத்தமாகச் சொல்லுங்கள், மைக் செட்காரரிடம் மட்டும் சொல்லிவிட்டு நிற்காதீர்கள். சபை காத்திருக்கும், கல்யாண வீட்டார் முகம் சுளிப்பார்கள், “என்னங்க இந்தப் புள்ள இவ்வளவு பிகு பண்ணுது” என்று யாராவது சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

அமைப்பாளர்களுக்கு இப்போதெல்லாம் சம்பளத்தை எழுதும் கடிதத்திலேயே நான்கு வரி சேர்த்து அனுப்புகிறேன்: மேடைக்கு ஒரே இணைப்பு, மூன்று பின்னும் உள்ள பிளக், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., வயர்மேன் கடைசி வரை இருக்க வேண்டும். “வயலின் கச்சேரிக்கு எதுக்குங்க வயர்மேனு?” என்று ஒரு கமிட்டித் தலைவர் போனில் கேட்டார், கடிதத்தை இன்னொரு முறை படித்துக் காட்டினேன். ஆறரை மணிக் கச்சேரிக்கு நான் மூன்று மணிக்கே டெஸ்டரோடு வந்துவிடுவேன், அதற்குள் மேடைக்கு லைன் வந்திருக்கட்டும்.