போல்ட்டைப் பூட்டாமலே சுடும் துப்பாக்கி: வின்செஸ்டர் 1903

1907 டிசம்பரில், டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரில் அடால்ஃப் டாப்பர்வைன் என்ற குறிசுடும் கலைஞர், ஆகாயத்தில் வீசப்பட்ட 72,500 சிறு மரக்கட்டைகளைப் பத்து நாட்களில் சுட்டார். தவறியவை ஒன்பதுதான். அவர் கண்ணையும் கையையும் புகழாதவர் இல்லை. அவர் பயன்படுத்திய வின்செஸ்டர் 1903 ரகத் துப்பாக்கிக்கும் அந்தப் புகழில் பங்கு உண்டு. தாமஸ் கிராஸ்லி ஜான்சன் வடிவமைத்த இந்த .22 ரைபிள் (குழலின் உள்விட்டம் சுமார் 0.22 அங்குலம்), ஒவ்வொரு முறை சுட்டதும் தோட்டாவின் காலிக் கூட்டைத் தானே வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும்.

குழலின் பின்வாயை அடைத்து நிற்கும் உலோகக் கட்டைதான் போல்ட். சாதாரண ரைபிளில் சுடும் நேரத்தில் அது குழலோடு இறுகப் பூட்டப்பட்டிருக்கும். 1903-இல் அந்தப் பூட்டே கிடையாது. போல்ட்டின் எடையும் பின்னாலிருக்கும் ஸ்பிரிங்கும் மட்டுமே வெடிப்பை எதிர்த்து நிற்கின்றன. இது எப்படிப் பாதுகாப்பாகும்?

படகிலிருந்து கரைக்குத் தாவினால் படகு பின்னால் நகரும். படகு கனமாக இருந்தால் மெல்ல நகரும். இங்கேயும் அதே விதிதான். இந்தத் தோட்டாவின் குண்டு 45 கிரெயின், அதாவது ஏறத்தாழ 2.9 கிராம். போல்ட்டின் எடை அரை கிலோ என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். குண்டைப்போல 170 மடங்கு கனம். அப்படியானால் குண்டு 2 சென்டிமீட்டர் ஓடும்போது போல்ட் 0.12 மில்லிமீட்டர்தான் நகர்ந்திருக்கும். அழுத்தம் உச்சத்தில் இருக்கும் நேரமே அதுதான். 50 சென்டிமீட்டர் குழலைக் குண்டு கடந்து முடிக்கும்போதும் போல்ட் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வந்திருக்கும். அதற்குள் அழுத்தம் வெகுவாக இறங்கிவிடும். பிறகு அதே வேகத்தில் போல்ட் பின்னோக்கி ஓடிக் கூட்டை வெளியே தள்ளுகிறது, சுத்தியலை மடக்குகிறது, ஸ்பிரிங்கை அமுக்குகிறது. திரும்பி வரும்போது பின்கட்டைக்குள் இருக்கும் பத்துத் தோட்டாக் குழாயிலிருந்து அடுத்ததை எடுத்து ஏற்றுகிறது. அதன்பின் விசையை மறுபடி இழுத்தால்தான் சுடும்.

ஜான்சன் அந்த எடையில் ஒரு பகுதியை முன்கட்டைக்குள் மறைத்து வைத்தார். இதை நான் மிகவும் ரசிக்கிறேன். துப்பாக்கி வெளியே மெலிந்தே தெரிகிறது. முதல் தோட்டாவை ஏற்ற, முன்கட்டையின் நுனியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியை உள்ளே அழுத்த வேண்டும்.

இந்த முறை .22-க்கு வாகாக அமைந்ததற்குக் காரணம் உண்டு. இது ரிம்ஃபயர் வகைத் தோட்டா; இதில் பற்றுமருந்து கூட்டின் விளிம்புக்குள் இருக்கிறது. ஊசி அடித்தால் விளிம்பு நசுங்க வேண்டும், ஆகவே கூட்டின் உலோகம் மெல்லியது. மெல்லிய கூடு அதிக அழுத்தம் தாங்காது. குறைந்த அழுத்தத்துக்குக் கையில் தூக்கக்கூடிய எடையே போதும்.

சிக்கல் மருந்தில் வந்தது. அன்றைய .22 தோட்டாக்கள் பலவற்றில் கரிமருந்து இருந்தது. அதன் கசடு சேர்ந்து போல்ட்டை ஒட்டவைத்துவிடும். அதனால் வின்செஸ்டர் புகையில்லா மருந்து மட்டுமே அடைத்த தனித் தோட்டாவை, .22 வின்செஸ்டர் ஆட்டோமேட்டிக் என்ற பெயரில், இந்தத் துப்பாக்கிக்கென்றே கொண்டுவந்தது. கூட்டின் பருமன் வேறு என்பதால் கரிமருந்துத் தோட்டாவை இதில் முறையாகப் பயன்படுத்த வழியில்லை. துப்பாக்கியும் தோட்டாவும் ஒரே இயந்திரத்தின் இரு பாகங்கள் என்று பார்த்ததுதான் ஜான்சன் காலத்துப் பொறியாளர்களின் பெரிய தெளிவு என்பேன்.

இன்று சேகரிப்பாளர்களுக்கு அதுவே தலைவலி. இந்தத் தோட்டா அரிதாகவே கிடைக்கிறது. கடையில் கிடைக்கும் .22 லாங் ரைபிள் என்ற தோட்டா இதன் தோட்டா அறையில் தளர்ந்து நிற்கும். சுட்டால் கூடு பிளக்கலாம், கண்ணுக்கு ஆபத்து. 1914-இல் ரெமிங்டன் நிறுவனம் தன் தானியங்கி ரைபிளுக்காகக் கொண்டுவந்த தோட்டாவும் பொருந்தாது. லாங் ரைபிள் தோட்டாவுக்கென்றே அமைந்த வாரிசு 1933-இல் வந்த வின்செஸ்டர் மாடல் 63. இரண்டும் பார்க்க ஒரே ஜாடை; வாங்குபவர் முதலில் குழல்மேல் பொறித்த தோட்டாப் பெயரைப் படிக்க வேண்டும்.