அய்னி: கர்மா என்று எழுதுவது ஏன் தவறு?

பெரு நாட்டின் கூஸ்கோ நகருக்கு அருகே, உருபம்பா ஆற்றை ஒட்டிய ‘புனிதப் பள்ளத்தாக்கில்’ நடக்கும் யோக முகாம்களைப் பற்றித் தமிழில் வரும் பயணக் கட்டுரைகளிலும் விளம்பரங்களிலும் ஒரு வரி தவறாமல் இடம்பெற்றுவிடுகிறது: “அய்னி என்பது ஆண்டீஸ் மலைமக்களின் கர்மா.” காலையில் சூரிய நமஸ்காரமும் வேத மந்திரமும், மாலையில் கோக்கா இலை வைத்து மலைக்குப் படையலும் என்று இரு மரபுகளை ஒரே நாளில் அடுக்கித் தரும் முகாம்களுக்கு இத்தகைய சமன்பாடு வசதியாக இருக்கும் என்பது புரிகிறது. ஆங்கில விளம்பரத்திலிருந்து அதை அப்படியே இறக்கி வைக்கும் நம் மொழிபெயர்ப்பாளர்களுக்கு அந்தச் சலுகையைத் தர இயலாது. வினையைப் பற்றியும் ஊழைப் பற்றியும் இத்தனை நூற்றாண்டுகளாக எழுதி வந்திருக்கும் மொழி இது.

அய்னி என்பது ஆண்டீஸ் மலைமக்கள் பேசும் கெச்சுவா மொழிச் சொல். அய்மாரா மொழியிலும் வழங்குகிறது. அருகருகே வாழ்ந்த அவ்விரு மொழிகளும் நெடுங்காலமாகச் சொற்களைப் பகிர்ந்துகொண்டவை. இதிலிருந்து ‘அய்னினாகுய்’ என்ற வினைச்சொல் பிறக்கிறது. இதில் வரும் ‘நாகு’ என்னும் ஒட்டு, செயல் இருபுறமும் நிகழ்வதைக் குறிக்கிறது. சொல்லின் அமைப்பிலேயே இரண்டு பேர் இருக்கிறார்கள் என்பதை மட்டும் இப்போதைக்கு நினைவில் கொள்வோம். தமிழில் உணவைக் குறிக்கும் ‘அயினி’யோடும், குமரி மாவட்டத்து அயினிப் பலாவோடும் இதை முடிச்சுப் போட்டு, இன்கா மக்கள் தமிழர்களே என்று நிறுவ விரும்புவோர் தயவுசெய்து விலகி நிற்கவும்.

பொருளுக்கு வருவோம். ஆண்டீஸ் மலைச்சரிவில் உருளைக்கிழங்கு நடும் காலத்தில் ‘சாக்கிதாக்லா’ என்னும் கால்கலப்பையால் மண்ணைப் பிளக்க ஒருவரால் முடியாது. இருவர் கலப்பையை மிதிக்க, ஒருவர் கட்டியைப் புரட்டிப் போட வேண்டும். இன்று என் நிலத்துக்கு நீ வந்தால், நாளை உன் நிலத்துக்கு நான் வருவேன். நீ ஒரு நாள் உழைத்தால் நானும் ஒரு நாள் உழைப்பேன். நடவுக்கு நடவு, கூரை வேய்தலுக்குக் கூரை வேய்தல். இதுவே அய்னி. வேலைக்கு அழைத்தவர் கோக்கா இலையும் மக்காச்சோளத்தில் வடித்த சிச்சா என்னும் மதுவும் தருவார். ஆயினும் அவை கூலியாகா, கடன் அப்படியே நிற்கும். நான் போக முடியாவிட்டால் என் மகன் போய் அந்தக் கடனைக் கழிக்கலாம். இதே உறவு மனிதரைத் தாண்டி நிலத்தாயான பச்சமாமாவுக்கும், ‘அப்பு’ எனப்படும் மலைத்தலைவர்களுக்கும் நீள்கிறது. 6,384 மீட்டர் உயரமுள்ள அவுசங்காத்தே அப்படியோர் அப்பு. விளைச்சலும் மந்தையும் நீரும் தந்தவருக்குத் திருப்பித் தர வேண்டும் என்பதால், குறிப்பாக ஆகஸ்ட் மாதத்தில், மும்மூன்று கோக்கா இலைகளும் லாமா என்னும் விலங்கின் கொழுப்பும் விதைகளும் இனிப்புகளும் வைத்துக் கட்டிய பொட்டலத்தை எரிக்கிறார்கள் அல்லது புதைக்கிறார்கள். இப்படையலை ஸ்பானிய மொழியில் ‘பாகோ’ என்றும் சொல்வதுண்டு. அதன் பொருள் செலுத்துகை. பிரார்த்தனையோ வேண்டுதலோ அன்று.

இப்போது கர்மாவைப் பார்ப்போம். செய்தவனுக்கும் அவன் செயலின் பயனுக்கும் இடையே வேறு எவரும் தேவைப்படாத ஏற்பாடு அது. பல பசுக்களுக்கிடையே விட்டாலும் இளங்கன்று தன் தாயைத் தேடிக் கண்டுகொள்வது போலப் பழவினையும் ‘தற்செய்த கிழவனை நாடிக்கொளற்கு’ வல்லது என்கிறது நாலடியார். கன்று தானே தேடி வந்துவிடும். யாரும் ஓட்டிக்கொண்டு வர வேண்டியதில்லை. அய்னியில் எதுவும் தானே வராது. எதிர்வீட்டுக்காரர் கால்கலப்பையைத் தூக்கிக்கொண்டு நடந்து வந்தாக வேண்டும். வராவிட்டால் ஊரார் முன் அவருக்குத் தலைகுனிவு. கர்மா பிறவி கடந்தும் காத்திருக்கும், அய்னியோ நடவுப் பருவத்தைக் கூடத் தாண்டாமல் தீர்க்கப்படலாம். என் வினையை என் மகன் கழிக்க முடியாது, என் அய்னியைக் கழிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, கர்மாவிலிருந்து விடுபடுவதே வீடுபேறு என்று அந்த மரபு கருதுகிறது. அய்னியிலிருந்து விடுபட்டவர் என்றால், மலையூரில் அவர் உறவும் துணையும் அற்றவர் என்றுதான் பொருள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வேத மரபில் இணை தேட விரும்பியவர்களுக்கு உண்மையிலேயே ஓர் இணை இருந்தது. தைத்திரீய சம்ஹிதையில் வேள்வியின்போது சொல்லப்படும் ‘தேஹி மே ததாமி தே’ என்பதற்கு ‘எனக்குக் கொடு, உனக்குக் கொடுக்கிறேன்’ என்று பொருள். கீதையின் மூன்றாம் அத்தியாயம், தேவர்களை நீங்கள் வளர்ப்பீர், தேவர்கள் உங்களை வளர்ப்பர், ஒருவரையொருவர் வளர்த்து மேன்மை அடைவீர் என்கிறது. தீயிலிடும் படையல், இருபுறக் கடமை, தெய்வத்தோடும் கணக்கு என அய்னிக்கு அண்டை வீடாக வேள்வி நின்றுகொண்டிருக்க, அதைக் கடந்து போய்க் கர்மாவின் கதவைத் தட்டியிருக்கிறார்கள். கர்மா ஆங்கிலத்தில் புகழ்பெற்ற சொல், வேள்விக்கு அந்தப் புகழ் இல்லை என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

கர்மாவை விலக்கும் தனித்தமிழ் அன்பர்கள் சிலர் ‘ஒப்புரவு’ என்று எழுதுகிறார்கள். சொல் அழகானது, வடமொழிக் கலப்பற்றது, குறளில் ஓர் அதிகாரத்துக்கே தலைப்பாக நிற்பது. எனவே ஐயமின்றி எடுத்தாளலாம் என்று நினைக்கிறார்கள். ஆனால் அந்த அதிகாரத்தின் முதற்குறளையாவது படித்திருக்க வேண்டும்: ‘கைம்மாறு வேண்டா கடப்பாடு மாரிமாட்டு என்ஆற்றும் கொல்லோ உலகு.’ மழைக்கு உலகம் எதைத் திருப்பிச் செய்துவிட முடியும், அதுபோல ஒப்புரவாளரும் மாற்று எதையும் எதிர்பாராதவர் என்பது இதன் கருத்து. ஆண்டீஸ் மலைமக்களிடம் இக்கேள்வியைக் கேட்டால், மழைக்குத் திருப்பிச் செய்ய நிறைய இருக்கிறது என்பார்கள்; கோக்கா இலையையும் சிச்சாவையும் எடுத்துக்கொண்டு மலையேறுவார்கள். திருப்பித் தரப்படாத கொடை வள்ளுவருக்கு அறத்தின் உச்சம், அவர்களுக்கோ உறவின் முறிவு. இரண்டில் எது உயர்ந்தது என்ற வழக்கு இங்கே தேவையில்லை. ஒன்றின் பெயரை மற்றொன்றின் தலையில் கட்டக் கூடாது என்பதே என் வாதம். மேலும், தமிழ்க் கத்தோலிக்கர் பாவமன்னிப்புச் சடங்கை ‘ஒப்புரவு அருட்சாதனம்’ என்றே அழைக்கின்றனர். கத்தோலிக்கம் ஊறிய கூஸ்கோவைப் பற்றிய ஒரு கட்டுரையில் இச்சொல்லைக் கண்டால், ஊரார் அனைவரும் குருவானவரிடம் போய் நிற்கிறார்கள் என்றுகூட ஒருவர் எண்ணிக்கொள்ள இடமுண்டு. தூய்மை மட்டும் பார்த்து, பொருளைப் பாராமல் சொல்லெடுத்தால் இப்படித்தான் ஆகும்.

‘ஆற்றல் பரிமாற்றம்’ என்றும் ஒரு மொழிபெயர்ப்பு உலவுகிறது. அதில் உழைப்பு இல்லை, நிலம் இல்லை, கடனும் இல்லை. கிழங்கு நடுபவரின் தோள்வலியை நீக்கிவிட்டால் எஞ்சுவது முகாமின் கட்டண விவரம்தான்.

என் பரிந்துரை ‘கைம்மாறு’. கை, மாறு என்ற இரண்டும் சேர்ந்த இச்சொல் உதவிக்குச் செய்யும் எதிருதவியைக் குறிக்கிறது. கைக்குக் கை மாறும் உழைப்பைக் குறிக்க இதைவிட நெருங்கிய சொல்லை நான் காணவில்லை. வள்ளுவர் ஒப்புரவிலிருந்து விலக்கி வைத்த அதே சொல் அய்னிக்குச் சரியாகப் பொருந்துவது தற்செயலன்று; அவர் எதை மறுத்தாரோ அதைத்தான் அய்னி வேண்டுகிறது. ஒரு குறையை ஒப்புக்கொள்ள வேண்டும். இன்றைய வழக்கில் இச்சொல் பெரும்பாலும் ‘கைம்மாறு கருதாமல்’ என்ற எதிர்மறைத் தொடரில் மட்டுமே உயிர் வாழ்கிறது. அதனால் கைம்மாறு கருதுவது இழிவு என்ற நிறம் அதன்மேல் படிந்துவிட்டது. ஆனால் நம் நடைமுறை அப்படியா இருக்கிறது? புதுக்கோட்டை, தஞ்சைப் பகுதி மொய்விருந்துகளில் யார் எவ்வளவு செய்தார் என்பது நோட்டில் ஏறுகிறது. அவர் வீட்டு விருந்தில் அது திரும்புகிறது. திருப்பாதவரை ஊர் மன்னிப்பதில்லை. மொய் பணத்தில் நடப்பதும், வாங்கியதற்குமேல் சேர்த்துச் செய்யும் வழக்கம் அதில் இருப்பதும் வேறுபாடுகள். அய்னியில் நாளுக்கு நாள், சமத்துக்குச் சமம். ஆகவே மொய்யை விளக்கத்துக்குப் பயன்படுத்தலாம், பெயராக வைக்க வேண்டாம்.

எழுதும்போது முதலிடத்தில் ‘அய்னி’ என்று ஒலிபெயர்த்து, ‘கைம்மாற்று உழைப்பு’ என்று விளக்கிவிட்டு, பிறகு சூழலுக்கேற்பக் கைம்மாறு என்றே தொடரலாம். மலைக்கும் நிலத்துக்கும் செய்வதைக் ‘கைம்மாற்றுப் படையல்’ என்றால் பாகோ என்னும் ஸ்பானியச் சொல்லில் உள்ள செலுத்துகைப் பொருளும் கெடாது. இதனோடு குழப்பப்படும் வேறு இரண்டு சொற்களையும் பிரித்து வைப்பது நல்லது. ஒரு வேலைக்குப் பலரை அழைத்து உணவும் குடியும் தந்து முடித்துக்கொள்ளும் ‘மிங்கா’வைக் கூட்டுழைப்பு என்று எழுதலாம். அரசுக்கு முறைவைத்துச் செய்யும் ‘மித்தா’ முறைவேலை. 1570களில் ஸ்பானிய ஆளுநர் தொலேதோ அதைப் பொத்தோசி வெள்ளிச் சுரங்கத்துக்கு ஆள் அனுப்பும் ஏற்பாடாக மாற்றிய பிறகு, நம் பழைய கல்வெட்டுகளில் கூலியில்லாக் கட்டாய வேலையைக் குறித்து வரும் ‘வெட்டி’ என்ற சொல்லே அதற்கு நெருங்கி வருகிறது. இம்மூன்றையும் ‘ஆண்டீஸ் மக்களின் சேவை மனப்பான்மை’ என்று ஒரே தொடரில் அடைத்து எழுதும் கட்டுரைகளும் வருகின்றன. அவற்றை வெளியிடுமுன் யாரேனும் ஒருவர் கெச்சுவா அகராதியை ஒருமுறை புரட்டலாம். அம்மொழி 1975இல் பெருவில் ஆட்சிமொழித் தகுதி பெற்றது, அகராதிக்குப் பஞ்சமில்லை.