கர்ப்ஸதெகி: மேற்குப் பீடிப்பு

பாரசீகப் புனைகதையாளர் ஜலால் ஆலெ அஹ்மத் (1923–1969) பற்றிப் பேசும் எவரும் தவிர்க்க முடியாத சொல் ‘கர்ப்ஸதெகி’; அவருடைய கட்டுரை நூல் ஒன்றின் பெயரும் அதுவே. தமிழில் இதை ‘மேற்கத்திய மோகம்’ என்று எழுதிவிட எளிதாகக் கை போகும். அப்படி எழுதினால் சொல்லின் உயிர் போய்விடும் என்பதால், அதன் இரண்டு உறுப்புகளையும் பிரித்துப் பார்ப்பது நல்லது.

முதல் உறுப்பான ‘கர்ப்’ அரபியிலிருந்து பாரசீகத்துக்கு வந்தது. மேற்கு என்று பொருள். இதன் வேர் ஞாயிறு மறைவதைக் குறிக்கும். தமிழ் முஸ்லிம்கள் அந்தித் தொழுகையை மஃரிப் என்பதும் இதே வேரிலிருந்துதான். தமிழின் ‘மேற்கு’ என்ற சொல்லில் ‘மேல்’ இருப்பதால் ஓர் உயர்வுத் தொனி தானாகவே வந்து ஒட்டிக்கொள்கிறது. அரபுச் சொல்லில் அது இல்லை. அதற்கு மிக நெருங்கி நிற்பது மட்டக்களப்பு வழக்கில் உள்ள படுவான்கரை, அதாவது ஞாயிறு படும் பக்கத்துக் கரை, என்ற சொல்லே.

இரண்டாம் உறுப்பு ‘ஸதெ’. ‘ஸதன்’ என்றால் அடித்தல். ‘ஸதெ’ என்றால் அடிபட்ட, தாக்குண்ட. ‘ஸதெகி’ அந்த நிலை. வெள்ளத்தால் தாக்குண்ட ஊரையும், குளிர் தாக்கிய பயிரையும், ஜின் பிடித்த மனிதரையும் பாரசீகர் இதே ஈற்றைச் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். பனியடித்த பயிர், பேயறைந்த முகம் என்று நாம் சொல்வதும் ஏறக்குறைய இதே சிந்தனைதான். நவீனப் பாரசீகச் சிறுகதையின் முன்னோடியான ஜமால்ஸாதேயின் பெயரில் வரும் ‘ஸாதே’ வேறு சொல். நெடிலுடன் வரும் அதற்குப் பிறந்தவர் என்று பொருள். ஷாஜாதா என்பதில் இருப்பதும் அதுவே. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

சொல்லை உருவாக்கியவர் ஆலெ அஹ்மத் அல்லர். மெய்யியலாளர் அஹ்மத் ஃபர்தீத் வாய்மொழியாகப் பயன்படுத்தியதை எடுத்துக்கொண்டதாக ஆலெ அஹ்மத்தே தம் நூலின் முன்னுரையில் ஒப்புக்கொள்கிறார். ஜெர்மானிய மெய்யியலாளர் ஹைடெக்கரின் வழிவந்த ஃபர்தீதுக்கு அது கிரேக்கர் காலந்தொட்டுத் தொடரும் ஒரு மெய்யியல் மறதியின், அதாவது இருத்தல் என்ற அடிப்படைக் கேள்வியையே மறந்துவிட்டதன், பெயர். ஆலெ அஹ்மத் அதை வயலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எண்ணெய்க் கிணற்றுக்கும் இறக்கிக் கொண்டுவந்தார். 1961இல் கல்வி அமைச்சகத்தின் பண்பாட்டு நோக்கங்கள் குறித்த அவைக்கு அறிக்கையாக எழுதப்பட்ட அந்த நூலை அமைச்சகம் வெளியிடவில்லை; 1962இல் அவர் தனிமுறையில் அச்சிட்டார்.

நூலின் தொடக்கத்தை ஒரு கதைக்காரரால்தான் எழுத முடியும். இந்த நோய் காலராவைப் போன்றது என்கிறார். அது பிடிக்கவில்லையெனில் வெப்பமோ குளிரோ தாக்கியதைப் போன்றது என்று வைத்துக்கொள்ளலாம் என்கிறார். உடனே அதையும் மறுத்து, கோதுமையைத் தாக்கும் ‘சென்’ பூச்சியிடம் வருகிறார். அப்பூச்சி உள்ளிருந்து அழிக்கிறது. மேல்தோல் நலமாகவே இருக்கிறது, ஆனால் மரத்தில் ஒட்டிக்கிடக்கும் வெறும் பூச்சிக்கூட்டைப் போலத் தோல் மட்டுமே மிஞ்சுகிறது. நெல் விளைவித்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. பால் பிடிக்கும் பருவத்தில் கதிர் நாவாய்ப்பூச்சி சாற்றை உறிஞ்சிய பிறகும் கதிர் நிமிர்ந்தே நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் விளைச்சல் போலவே தெரியும். ஒரு மணியை எடுத்து விரலால் நசுக்கினால்தான் உள்ளே அரிசி இல்லாத பதர் என்று தெரியவரும்.

அந்தப் பதர் எது? இயந்திரத்தை உருவாக்காமலும் அதன் அடிப்படையை அறியாமலும் அதை வாங்கி நுகர்ந்து, கச்சா எண்ணெயைக் கொடுத்துவிட்டுச் செய்பொருளைப் பெற்று, அதற்கேற்பத் தன் பள்ளியையும் பேச்சையும் மாற்றிக்கொள்ளும் சமூகம். அதன் மனிதரை அவர் வெளியில் மிதக்கும் தூசுக்கு ஒப்பிடுகிறார். நூலின் வரலாற்றுப் பகுதிகள் அவசரமானவை, பல நூற்றாண்டுகளை ஒரே தாவலில் கடப்பவை. அதன் வலிமை இத்தகைய உவமைகளில்தான் இருக்கிறது.

டெஹ்ரானில் சமயகுருவின் மகனாகப் பிறந்த அவர், பத்திரப் பதிவை மன்னர் ரெஸா ஷாவின் அரசு தன் கையில் எடுத்துக்கொண்டதால் தந்தையின் வருவாய் நின்றதைச் சிறுவனாகவே கண்டார். பின்னர் ஈரானின் பொதுவுடைமைக் கட்சியான தூதெயில் சேர்ந்து, 1948இல் அதிலிருந்து பிரிந்து, வாழ்நாளின் பெரும்பகுதியை ஆசிரியராகக் கழித்தார். நாவலாசிரியர் சீமின் தானேஷ்வர் அவருடைய மனைவி. 1958இல் வந்த ‘பள்ளி முதல்வர்’ நாவலில், பாடம் நடத்திச் சலித்து நிர்வாகப் பொறுப்புக்கு வந்த ஒருவர் இறுதியில் பதவி விலகுகிறார். 1967இல் வந்த ‘நிலத்தின் சாபம்’ நாவலோ இயந்திரமும் நிலச்சீர்திருத்தமும் நுழையும் ஒரு கிராமத்தை அங்கு வந்த ஆசிரியர் ஒருவரின் கண்வழியே காண்கிறது. கட்டுரையில் நோயை விவரித்தவர், கதைகளில் நோயாளியின் அருகில் அமர்ந்திருக்கிறார்.

1979 ஈரானியப் புரட்சிக் காலத்தில் இச்சொல் முழக்கமாயிற்று. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே ஆலெ அஹ்மத் மறைந்துவிட்டார். முழக்கமானபின் சொல் சுருங்கி, உடையையும் ஒப்பனையையும் குறைகூறும் வசையாகவும் பயன்பட்டது. பிரெஞ்சு எழுத்தாளர்களான காம்யூவையும் சார்த்ரையும் பாரசீகத்தில் மொழிபெயர்த்தவர் கையாண்ட சொல் மேற்கின் மீதான வெறுப்பைக் குறித்திருக்க முடியாது.

இனித் தமிழ்ச் சொல். ‘மேற்கத்தியமயமாதல்’ என்பதில் நோய் இல்லை. ‘மோகம்’ என்பது ஆசைப்படுபவரின் குற்றமாகிவிடுகிறது. ஆலெ அஹ்மத் சொல்வதோ வெளியிலிருந்து வந்து, ஏற்கெனவே நலிந்திருந்த உடலில் வளர்ந்த பிணி. ஆங்கிலத்தின் ‘வெஸ்டாக்ஸிஃபிகேஷன்’ வழியில் ‘மேற்கு நஞ்சேற்றம்’ என்றால் பூச்சி மறைந்து, நஞ்சூட்டும் ஒரு கை தோன்றிவிடும். ‘மேற்குப் பிணி’ எளிய சொல், ஆனால் தாக்குண்ட தன்மை அதில் புலப்படாது. எனவே ‘மேற்குப் பீடிப்பு’ என்பதையே நான் தேர்கிறேன். நோயும் பீடிக்கும், பேயும் பீடிக்கும். இலங்கைத் தமிழில் பயிர்ப்பூச்சிக்கே பீடை என்றும் அதற்கு அடிக்கும் மருந்துக்குப் பீடைகொல்லி என்றும் பெயர். பீடை வடசொல் வழி வந்தது என்ற தடை எழலாம்; மூலச்சொல்லே அரபும் பாரசீகமும் இணைந்த கலப்புதான். ‘கர்ப்ஸதெ’ என்று ஆளைக் குறிக்கும் இடத்தில் ‘மேற்கு பீடித்தவர்’ என்றும், நூலின் பெயராக வரும் இடத்தில் ‘மேற்குப் பீடிப்பு’ என்றும் எழுதலாம்.