மின்காரின் பேட்டரியும் மோட்டாரும்: எதைப் பார்த்து வாங்குவது?

மின்சாரக் கார் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, முழு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதைத்தான். விடை பேட்டரியின் கொள்ளளவில் இருக்கிறது. கிலோவாட் மணி என்று குறிக்கப்படும் அந்த எண், மின்கட்டண அட்டையில் நாம் பார்க்கும் அதே யூனிட்தான். ஆனால், அந்தக் காரை அன்றாடம் எப்படிப் பேண வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது கொள்ளளவு அன்று, பேட்டரிக்குள் இருக்கும் வேதிப்பொருள்.

ஹூண்டாய் ஐயோனிக் 5 போன்ற கார்களில் இருப்பது நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் ஆக்சைடு கொண்ட என்எம்சி வகை. டாடா நெக்சானிலும் மஹிந்திரா பிஇ 6-இலும் இருப்பது இரும்பு பாஸ்பேட் கொண்ட எல்எஃப்பி வகை. இப்பொருளை 1997-இல் அறிமுகப்படுத்தியது, பின்னர் 2019-இல் நோபல் பரிசு பெற்ற ஜான் குட்இனஃபின் குழு. ஒரே எடையில் என்எம்சி கூடுதல் ஆற்றலைத் தாங்கும். எல்எஃப்பியிலோ பாஸ்பரஸ் ஆக்சிஜனை இறுகப் பற்றியிருப்பதால், மிகை வெப்பத்திலும் ஆக்சிஜன் எளிதில் வெளிப்பட்டுத் தீயை வளர்ப்பதில்லை. உறைபனிக் குளிரில் அது மெதுவாகவே சார்ஜ் ஏறும் என்ற குறை லடாக்கில் பொருட்டாகலாம், சென்னையில் ஆகாது.

எல்எஃப்பிக்கு வேறொரு விந்தைக் குணமும் உண்டு. சமையல் எரிவாயு சிலிண்டரில் திரவமும் வாயுவும் சேர்ந்திருக்கும்வரை அழுத்தம் ஏறத்தாழ மாறாததால், எரிவாயு தீரும் தறுவாய்வரை அடுப்பு ஒரே சீராக எரிகிறது. எவ்வளவு மிச்சம் என்பது சுடரைப் பார்த்துத் தெரிவதில்லை. எல்எஃப்பியிலும் லித்தியம் நிறைந்த பகுதியும் லித்தியம் நீங்கிய பகுதியும் அருகருகே இருப்பதால், மின்னழுத்தம் பெருமளவு நேரம் தட்டையாகவே நிற்கிறது. காரின் கணினி தன் கணக்கைச் சரிபார்த்துக்கொள்ள அவ்வப்போது 100 சதவீதம் சார்ஜ் செய்யச் சொல்வது இதனால்தான். என்எம்சிக்கு இதற்கு நேர்மாறான பழக்கமே நல்லது: அன்றாடம் 80 சதவீதம் அளவில் நிறுத்தினால் ஆயுள் கூடும்.

மோட்டாரைப் பொறுத்தவரை, வேகமெடுக்கும்போது காரின் பாரம் பின்னோக்கிச் சாய்வதால், பின்சக்கரத்தை இயக்கும் கார் தரையை நன்றாகப் பற்றும். இரண்டு மோட்டார்கள் சேறு, மணல், பனி ஆகியவற்றில் உதவும். தார்ச்சாலைக்கு அவை ஆடம்பரம் என்பது என் கருத்து. நிலைக்காந்த மோட்டார் வேலையின்றிச் சுழலும்போதும் அதன் காந்தம், சுற்றியுள்ள அசையாத இரும்புப் பகுதியில் ஆற்றல் இழப்பை உண்டாக்குகிறது. டெஸ்லா மாடல் 3-இன் இரட்டை மோட்டார் காரில், தேவையற்றபோது மின்சாரத்தை நிறுத்தினால் தடையின்றிச் சுழலும் தூண்டல் மோட்டாரை முன்பக்கம் வைத்தது அதற்காகவே.

இறக்கத்தில் மோட்டாரே ஜெனரேட்டராகிவிடும். 1,700 கிலோ எடையுள்ள கார் ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஏறத்தாழ 1,900 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் நிலையாற்றல் சுமார் 9 யூனிட்; அதில் ஒரு பகுதி பேட்டரிக்குத் திரும்ப வேண்டுமானால் உள்ளே இடம் இருக்க வேண்டும். ஆகவே ஊட்டியில் வசிக்கும் எல்எஃப்பி கார்க்காரர், கணினி கேட்கும் அந்த முழு சார்ஜை மலையிறங்கும் நாளுக்கு முந்தைய இரவில் செய்யாமல், ஊருக்குள்ளேயே ஓட்டப்போகும் வேறொரு நாளுக்கு ஒத்திவைப்பது நல்லது.